பெட்டிக்குள் முப்பது எழுத்து போதும்

விடுமுறைக்கு உறவுகள் கூடும் தமிழ் வீட்டில் தாயக்கட்டை உருளும், கேரம் பலகையில் மாவு தூவப்படும், சீட்டுக்கட்டு பிரியும். பிள்ளைகள் சொல் விளையாட்டு கேட்டால் மட்டும் மேசைக்கு வருவது எழுத்து வில்லைகளைக் கோத்துச் சொல் அமைக்கும் ஆங்கில ஸ்கிராபிள்தான். அந்த நிமிடமே பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார். விடுகதை, பழமொழி, வட்டாரச் சொல் எதைக் கேட்டாலும் நாக்கு நுனியில் வைத்திருப்பவர், சொல் விளையாட்டில் மட்டும் வெளியாள்.

தமிழில் ஏன் அப்படி ஒரு பெட்டி வீட்டுக்கு வீடு இல்லை என்று கேட்டால், ஆயத்தமாக ஒரு பதில் வரும்: ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, தமிழுக்கு 247, அத்தனையையும் எந்தப் பெட்டியில் அடைப்பது?

இந்தக் கணக்கு தவறு. உயிர் 12, மெய் 18, ஆக முதலெழுத்து முப்பது என்பது தமிழ் இலக்கணத்தின் முதல் பாடம். மீதியுள்ளவற்றில் 216 உயிர்மெய்கள் இந்த முப்பதும் கூடிப் பிறப்பவை. ஆகவே பெட்டிக்குள் வேண்டியவை ஆங்கிலத்தைவிட நான்கே எழுத்துகள் கூடுதல். ஆய்தத்துக்கு ஒரு வில்லை சேர்த்தால் ஐந்து. ‘தமிழ்’ என்பது த், அ, ம், இ, ழ் என ஐந்து வில்லைகள். ‘பூ’ இரண்டே வில்லை.

ஸ்கிராபிளும் இப்படிப்பட்ட எளிய கணக்கில்தான் பிறந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த நியூயார்க் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள் பக்கங்களை விரித்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அடிக்கடி வரும் ‘ஈ’க்கு 12 வில்லை, அரிதான ‘கியூ’வுக்கும் ‘இசட்’டுக்கும் ஒவ்வொன்று, மதிப்பெண் பத்து. ‘எஸ்’ஸை நான்கோடு நிறுத்திக்கொண்டார், இல்லையென்றால் ஆளாளுக்கு ஒரு ‘எஸ்’ஸை ஒட்டிப் பன்மையாக்கியே ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் பட்ஸின் அந்த ஆட்டத்துக்கு ஸ்கிராபிள் என்று பெயர் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். பலகை 15க்கு 15 கட்டம், வில்லைகள் மொத்தம் 100.

பட்ஸ் செய்ததைத் தமிழ் நாளிதழ் ஒன்றின் முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு மதியத்தில் செய்துவிடலாம். ‘அ’வும் ‘உ’வும் குவியும், ‘ஔ’ தேடினாலும் அகப்படாது. மதிப்பெண் தானாகவே அமைந்துவிடும். பன்மைச் சிக்கல் நமக்கும் உண்டு; ‘கள்’ விகுதி, வேற்றுமை உருபு எல்லாம் செல்லாது, அகராதியில் தலைச்சொல்லாக இருப்பது மட்டுமே செல்லும் என்று ஒரே விதி போட்டால் அது தீரும்.

இலக்கணம் இங்கே ஆட்டத் தந்திரமாக மாறுவதுதான் பெரிய லாபம். ழ், ள், ற், ன் ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது. வல்லின மெய் ஆறில் எதுவும் சொல்லின் கடைசியில் நிற்காது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த இந்த விதிகளைக் கையில் ஏழு வில்லையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை பத்து நிமிடத்தில் தானே கண்டுபிடிக்கும். நன்னூல் 42 ஓரெழுத்து ஒருமொழிகளைச் சொல்கிறது: ஆ, தீ, கை, தை, மா... நெருக்கடியான மூலையில் நுழைக்க இவற்றைவிட நல்ல சொற்கள் ஏது? எழுத்துப்பிழையும் இப்படித்தான் திருந்தும். ‘கலை’ என்று வைத்த இடத்தில் ‘ல்’ வில்லையை மாற்றினால் களை, இன்னொரு முறை மாற்றினால் மூங்கிலைக் குறிக்கும் கழை. நூறு முறை எழுதவைத்துச் சொல்லிக்கொடுப்பதை விரல் தானே கற்றுக்கொள்கிறது.

உதிரியாகக் கிடக்கும் உயிரையும் மெய்யையும் கூட்டிப் படிப்பது சிறு பிள்ளைகளுக்குச் சிரமம் என்று சொல்வது நியாயம்தான். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ‘க’ என்ற வில்லை க முதல் கௌ வரை எதுவாகவும், ‘க்’ ஆகவும் நிற்கலாம் என்று வைத்துக்கொண்டால் போதும். குறுக்கே ‘கி’யாக இருப்பது நெடுக்கே ‘கு’வாகலாம். குறுக்கெழுத்துப் புதிரில் கூடாத இந்தச் சலுகை, பலகையில் ஆட்டத்தை வேகமாக்கும்.

இன்னொரு விதியும் அவசியம்: வைத்தவரே பொருளும் சொல்ல வேண்டும். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே சொற்பட்டியலை மனப்பாடம் செய்து 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். வியக்கவேண்டிய சாதனை. ஆனால் வீட்டுக்கு வேண்டியது அதுவல்ல. பேரன் வைத்த சொல்லுக்குப் பாட்டி பொருள் கேட்க வேண்டும், பாட்டி வைத்த சொல்லை நம்பாமல் பேரன் அகராதியைப் புரட்ட வேண்டும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் இல்லையென்றால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பாட்டி ஜெயிக்கும் வாய்ப்பு அங்கே அதிகம்.

எழுத்தோடு விளையாடுவது தமிழுக்குப் புதிதும் இல்லை. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றில் சம்பந்தர் ஒரு பதிகமே பாடினார். சிவப்பிரகாச சுவாமிகள் உதடு ஒட்டாத எழுத்துகளால் ஓர் அந்தாதி பாடினார். பலகைகூட இல்லாத வீட்டில், ப, ம வராமல் ஒரு நிமிடம் பேசச் சொல்லிப் பாருங்கள். ‘அம்மா’வும் ‘அப்பா’வும் சொல்ல முடியாமல் வீடே திணறும்.

சொல் அட்டைகளும் கைபேசிச் செயலிகளும் தமிழில் அவ்வப்போது வருகின்றன. கைபேசி ஒருவரை ஒரு மூலையில் உட்காரவைக்கும். மேசை நால்வரை எதிரெதிரே உட்காரவைக்கும். கல்யாண வீட்டில் கொடுக்கும் தாம்பூலப் பையில், பிறந்தநாள் பரிசில், பள்ளிப் பரிசளிப்பு விழாவில் தமிழ் எழுத்துப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கடை போடும் பதிப்பாளர்கள் யாராவது இதைக் கையில் எடுக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பரணில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டையை நூறு சதுரமாக வெட்டுங்கள். முப்பது எழுத்தையும் எழுதி ஒரு மஞ்சள் பையில் போட்டுக் குலுக்குங்கள். அடுப்படியிலிருந்து பாட்டியைக் கூப்பிட்டு, முதல் ஏழு வில்லையை அவரை எடுக்கச் சொல்லுங்கள்.