மேடை விளக்கு எரியட்டும்

2020 மார்ச் ஊரடங்கில் மயிலை, தியாகராய நகர் சபா மேடைகள் யாவும் இருண்டன. அவ்வாண்டு மார்கழிக் கச்சேரிகளைக் கோட்டூர்புரத்து வீடுகளிலிருந்தே திரையில் கண்டோம். அதுபோல ஆண்டுவிழா நாடகத்தையும் இனிப் படம்பிடித்து அனுப்பிவிடலாமே என்கிறார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன்.

ஜெர்மனியில் ஒபரம்மர்காவ் கிராமத்தார், 1633-இல் கொள்ளைநோயின்போது செய்த நேர்ச்சைப்படி, கிறிஸ்துவின் பாடுகளைப் பத்தாண்டுக்கொரு முறை நடிக்கிறார்கள். 2020-இல் நடக்கவேண்டியது தொற்றால் நின்றது. வேடத்துக்காக ஓராண்டாய் வளர்த்த தாடியை மழித்தார்கள். 2021 விபூதிப் புதனன்று மறுபடி வளர்க்கத் தொடங்கி, 2022 மே மாதம் சபையோர் முன் நடித்தார்கள். படம்பிடித்துக் காட்டி நேர்ச்சையை முடித்துக்கொள்ளவில்லை!

சென்ற நாடகத்தில் வசனம் மறந்து நான் விழித்தபோது, முன்வரிசையிலிருந்த ஆறாம் வகுப்புச் சிறுமி அடியெடுத்துக் கொடுத்தாள். திரைக்குமுன் அமர்ந்திருந்தால் அவள் குரல் எனக்கு எப்படிக் கேட்டிருக்கும்?