அறுபது நாள் முன்பே சொல்லிவைக்கும் சோறு

திருத்தணியில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இவர்கள் பெட்டியில் ஆவக்காய் ஊறுகாய் ஏறுவதற்கு முன்பே அங்கே மகனின் கைபேசியில் அலாரம் ஏறிவிடும். ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டில், உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு 60 நாள் முன்னதாகவே மேஜை பதிவு தொடங்கிவிடுகிறது. அங்கே காலை 6 மணி. கோடைக்காலமானால் நம் கடிகாரத்தில் பிற்பகல் 3.30. கொரோனாவுக்கு முன்பு இந்தக் கெடு 180 நாளாக இருந்தது. ஆடிக் கிருத்திகைக்குச் சாப்பிடப்போகும் இட்லியைத் தைப்பூசத்தன்றே சொல்லிவைப்பது மாதிரி.

பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் பல உணவகங்களில் தலைக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள். சிண்ட்ரெல்லா கோட்டைக்குள்ளேயே இருக்கும் உணவகத்துக்குக் குழந்தைகளிடம் தனி மவுசு. இடம் கிடைத்த பிறகு அந்த நாள் முழுக்கச் சாப்பாட்டு மேஜை சொன்னபடிதான் நடக்கும். ராட்டினத்தில் வரிசை நகரும் நேரம் பார்த்து, மேஜை கூப்பிடுகிறது என்று பாதியில் ஓட வேண்டியிருக்கும்.

இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. எத்தனை பேர் வருவார்கள் என்பது சமையல்கட்டுக்கு முன்பே தெரிகிறது, பொருள் வீணாவது குறைகிறது, பச்சைக் குழந்தையோடு வெயிலில் நிற்கும் அவதியும் இல்லை. இந்த முறையைத் திருத்தணி மலைக்கும் கொண்டுவந்தால் என்ன என்று யாராவது கேட்கத் தொடங்கினால்தான் சிக்கல். கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

தரிசனம் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டது. திருமலையில் 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட்டுகளை மாதக்கணக்கில் முன்னதாகவே இணையத்தில் வெளியிடுகிறார்கள். சென்னையிலிருந்து திருப்பதி போகிற சாலையில்தான் திருத்தணி இருக்கிறது. காரில் வரும் குடும்பங்களில் பல, போகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ முருகனையும் பார்த்துவிட்டுப் போகின்றன. ஏழுமலையான் டிக்கெட்டில் அச்சான நேரம், தணிகை மலையின் சாப்பாட்டு நேரத்தையும் இழுத்துப்பிடிக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் அதே திருமலையில்கூடச் சோற்றுக்கு முன்பதிவு கிடையாது. 1985இல் என்.டி.ராமராவ் தொடங்கிவைத்த அன்னதானம் இன்று வெங்கமாம்பா அன்னப்பிரசாத மண்டபத்தில் நடக்கிறது. ஒரே நேரத்தில் சுமார் 4,000 பேர் உட்காரலாம். வந்தவர் உட்காருவார், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக் கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டம் 2002இல் வந்தது. மதியம் ஒரு வேளை என்றிருந்ததை 2012இல் ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் நாள் முழுவதுக்கும் நீட்டித்தார்கள். 2021 செப்டம்பர் 16 அன்று திருச்செந்தூர், சமயபுரம் கோயில்களோடு திருத்தணியும் அந்த வரிசையில் சேர்ந்தது. மகன் ஃபுளோரிடாவுக்காகக் கைபேசியைத் தட்டிக்கொண்டிருக்கும் அதே பிற்பகலில், இங்கே மலைமேல் யாரோ பெயர் கொடுக்காமல், நாள் குறிக்காமல் சாப்பாட்டில் கை வைக்கிறார்.

அந்த யாரோ யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நகரி, புத்தூர் பக்கமிருந்து காவடி எடுத்து வருபவர். பொதட்டூர்பேட்டையில் தறி ஓய்ந்த நாளில் கிளம்பிய நெசவாளி. அரக்கோணத்தில் ரயில் மாறி வந்த பாட்டி. இவர்களில் பலர் மலைக்கு வருவதையே முந்தின நாள் இரவில்தான் முடிவு செய்கிறார்கள். செயலியில் இருக்கை பிடிக்கும் முறை வந்தால் முதல் பந்தி முழுக்க, திட்டமிடத் தெரிந்தவர்களுக்கும் நல்ல கைபேசி வைத்திருப்பவர்களுக்கும் போய்விடும். 365 படியும் ஏறி வந்தவர், காரில் மலைப்பாதை ஏறியவர் கை கழுவும்வரை காத்திருப்பார். டிஸ்னியில் அது வியாபாரம். நுழைவுச்சீட்டு வாங்கியவர்களுக்குள் நடக்கும் போட்டி. அன்னதானத்தில் அந்தப் போட்டிக்கு என்ன வேலை?

முத்துசுவாமி தீட்சிதர் கதை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தணிகை மலையில் தியானத்தில் இருந்தவரின் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு முதியவர் கற்கண்டு போட்டாராம். அங்கேயே மாயாமாளவகௌளை ராகத்தில் ‘ஸ்ரீநாதாதி’ பாடல் பிறந்ததாம். அந்த ராகத்துக்கு யாரும் முன்பதிவு செய்திருக்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மேஜைக்கு இத்தனை கெடுபிடி காட்டும் டிஸ்னி வேர்ல்டு, வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக அனுமதிக்கிறது. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, சூடுபடுத்த வேண்டிய பண்டமாக இருக்கக் கூடாது, அவ்வளவே. திருத்தணி அம்மா கட்டிக்கொடுக்கும் புளியோதரை அந்த விதியில் அழகாகப் பொருந்தும். நம் ஊர்க் கேளிக்கைப் பூங்காக்கள் பலவற்றின் வாசலில்தான் தூக்குச்சட்டியைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் திரையரங்குக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது, இலவசக் குடிநீர் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. மேஜையை முன்பே பிடிக்கவும் வழியில்லை, கட்டுச்சோற்றுக்கும் தடை என்றால் குடும்பம் எங்கேதான் சாப்பிடும்?

மலைக்கு வருகிறவர்கள் திட்டமே போட வேண்டாம் என்பதல்ல. ஆடிக் கிருத்திகையன்றும், படித் திருவிழா நடக்கும் டிசம்பர் 31 இரவிலும் பசி பொல்லாதது. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும் அப்பாவுக்கு, ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்ற பதில் போதாது. அடிவாரத்திலேயே இரண்டு இட்லி உள்ளே போய்விடுவது நல்லது. பையில் புளிசோறு இருந்தால் இன்னும் நல்லது.

கோயில் நிர்வாகம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு இணையம் வேண்டியதில்லை. பேருந்து நிலையத்திலும் படிக்கட்டு தொடங்கும் இடத்திலும் ஒரு பலகை வைக்கலாம்: இப்போது எத்தனையாவது பந்தி நடக்கிறது, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், ஏறக்குறைய எவ்வளவு நேரமாகும். கீழே நிற்பவர் அதைப் பார்த்து, ஏறிப்போய்ச் சாப்பிடுவதா, சாப்பிட்டுவிட்டு ஏறுவதா என்று தானே முடிவு செய்துகொள்வார். பலகை இரண்டு மொழியில் இருக்க வேண்டும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து காவடி தூக்கி வருவோர் இன்றும் தெலுங்கில்தான் படிக்கிறார்கள்.