மண்டபத்தோடு முடிந்துவிடும் புத்தகங்கள்

மலேசியாவில் தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் கடையில் விற்பதில்லை, மண்டபத்தில் விற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை. குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, நூலாய்வு, அப்புறம் முதல் நூல் பெறும் அங்கம். டத்தோ ஒருவர் உறையை நீட்டி முதல் பிரதியை வாங்குவார். அவருக்குப் பின்னால் நண்பர்களும் உறவினர்களும் பழைய மாணவர்களும் வரிசை பிடிப்பார்கள். அச்சுச் செலவு அன்றைக்கே திரும்பிவிட்டால் எழுத்தாளருக்கு நிம்மதி. மிச்சப் பிரதிகள் பெட்டியோடு வீட்டுக்குப் போகும்.

இந்த ஏற்பாட்டைக் கேலி செய்வது எளிது. ஆனால் இது இல்லாவிட்டால் நம் நாட்டுத் தமிழ்ப் புத்தகங்களில் பல வெளிச்சத்துக்கே வந்திருக்காது. கைக்காசு போட்டும் தெரிந்தவர்களிடம் திரட்டியும் நூல் கொண்டுவருவது தமிழில் பழைய வழக்கம். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது முன்கூட்டியே கையொப்பம் வாங்கிச் சேர்த்த பணத்தில்தான். பாரதி 1920இல் தம் எழுத்துகளை 40 நூல்களாகக் கொண்டுவர நினைத்து, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை விட்டார். ஆனால் ஐயருக்குப் பணம் சேர்ந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டு, புரூப் திருத்துவதற்காகவே கும்பகோணத்துக்கும் சென்னைக்குமாக அலைந்தார்.

இன்றைய கோளாறு அங்கேதான் இருக்கிறது. மண்டபத்தில் வாங்குகிறவர் எழுத்தாளரின் முகத்தைப் பார்த்து வாங்குகிறார். அட்டை அவரை இழுக்க வேண்டியதில்லை. முதல் பத்தி அவரைப் பிடித்து நிறுத்த வேண்டியதும் இல்லை. ஆகவே அட்டை வடிவமைப்பும் செம்மையாக்கமும் செலவுப் பட்டியலில் கடைசிக்குப் போய், பல வேளைகளில் காணாமலே போகின்றன. விருந்துக்கும் பதாகைக்கும் ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்குகூடக் கையெழுத்துப் பிரதியைப் படித்துத் திருத்துகிறவருக்குப் போவதில்லை.

சிலிம் ரிவர் பக்கம் வந்து பார்த்தால் இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது புரியும். பேராக் மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், தஞ்சோங் மாலிமுக்கு வடக்கே இருக்கும் இந்த ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் வழியாக உடைத்துக்கொண்டு வந்து, குளூனி தோட்டத்தையும் கடந்து சிலிம் ரிவரைப் பிடித்தன. பிரிட்டிஷ் படை அன்றைக்குக் கண்ட தோல்விதான் கோலாலம்பூரையும் கைவிட வைத்தது. ஆங்கிலப் போர் வரலாறுகளில் குளூனியின் பெயர் இருக்கிறது. அந்த விடியலில் லயத்துக்குள் இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதைத் தமிழர் யாராவது எழுதினால்தான் உண்டு.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிந்தன, குடும்பங்கள் தாமான்களுக்குப் பெயர்ந்தன. இப்போது தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பழைய கிராணிமாரின் பிள்ளைகள். அவர்கள் சொந்தச் செலவில் போடும் புத்தகம்தான் பல தோட்டங்களுக்கு எஞ்சப்போகும் ஒரே ஆவணம். அதில் கங்காணியின் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால், ஜப்பான்காரன் வந்த ஆண்டு ஓர் அத்தியாயத்தில் ஒன்றாகவும் இன்னோர் அத்தியாயத்தில் வேறாகவும் இருந்தால், பின்னால் வரும் ஆய்வாளர் எதை நம்புவார்? 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சான ஒவ்வொரு நூலிலும் 5 பிரதிகள் தேசிய நூலகத்துக்குப் போயாக வேண்டும். நூலோடு அதன் பிழைகளும் அங்கே நிரந்தரமாகக் குடியேறிவிடுகின்றன.

செம்மையாக்கம் என்றதும் பலருக்கும் நினைவில் வருவது ஒற்றுப் பிழைதான். தமிழாசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, ‘க்’கும் ‘ச்’சும் சேர்த்துத் தருவார். தேவையான வேலைதான், ஆனால் கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன்னால் எதை வைப்பது, எதை எடுப்பது, எங்கே தொடங்குவது என்று எழுத்தாளரிடம் வாதாட ஒருவர் வேண்டும். நம் புத்தகங்களில் அப்படிப்பட்ட ஒருவர் முதலில் கைவைக்க வேண்டிய இடம் வாழ்த்துரைப் பகுதி. ஆசியுரை, அணிந்துரை, வாழ்த்துரை என்று ஒவ்வொன்றும் படத்தோடு வரிசை கட்டும். அத்தனையையும் தாண்டித்தான் வாசகர் தோட்டத்துக்குள் நுழைய முடிகிறது.

இந்த வாதாட்டம் நம் நாட்டுக்குத் தெரியாததல்ல. அதைச் செய்தவை பத்திரிகைகள். 1950இல் சுப.நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் கதை வகுப்பு நடத்தினார்கள். 1952இல் வந்து சேர்ந்த கு.அழகிரிசாமி, நேசனில் பணியாற்றிய ஐந்தாண்டுகளில் இளம் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்து அவர்களின் கதைகளை அலசினார். ஞாயிறு பதிப்புக்குக் கதை அனுப்பினால் திரும்பி வரும், அல்லது வெட்டுப்பட்டு வரும். அந்தப் பயத்தில் வளர்ந்த தலைமுறை அது. 1924இல் தொடங்கிய நேசன் 2019இல் நின்றது. எழுத்தாளருக்கும் அச்சகத்துக்கும் இடையில் இருந்த நாற்காலி அதற்கு வெகு முன்பே காலியாகத் தொடங்கிவிட்டது. நூறு, இருநூறு பிரதிகளையும் டிஜிட்டல் அச்சில் எடுத்துவிடலாம் என்ற வசதி வந்தபின் அந்த நாற்காலியை யாரும் தேடவில்லை.

சென்னைக்கு அனுப்பினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. செலவு குறையலாம். ஆனால் தோட்டம் தெரியாத ஒருவர் கையில் ‘பெரட்டு’, ‘சடக்கு’, ‘கித்தா’ எல்லாம் பிழையாகத் தெரியும். திருத்தி வந்த பக்கங்களில் சிலிம் ரிவர் தொழிலாளி தஞ்சாவூர் விவசாயியைப் போல் பேசுவார். நல்ல செம்மையாக்கம் வட்டார மொழியைத் துடைத்துப்போடாது. க்ரியா 1994இல் வெளியிட்ட இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ அதற்குச் சான்று. எழுத்தாளரோடு உட்கார்ந்து பிரதியை வரிவரியாகப் பார்ப்பதற்குப் பெயர்பெற்ற பதிப்பகம் அது. அந்த நாவலின் பேச்சு மொழி ஊர் மாறாமல் அப்படியே நிற்கிறது.

இனி அட்டைக்கு வருவோம். தோட்டத்து நூல் என்றால் பால்மரமும் உதயசூரியனும் வந்துவிடும். மரம் இணையத்தில் எடுத்தது. அண்மைக்காலமாக, செயற்கை நுண்ணறிவு வரைந்து கொடுத்தது. அந்த மரத்தின் வெட்டைப் பார்த்தாலே குட்டு உடைந்துவிடும். மரத்துக்கு எதிரே நிற்பவருக்கு வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிய வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால், அந்தத் திசையில் சீவினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வடியும். வெட்டு தலைகீழாகச் சரியும் அட்டையைப் பார்த்ததும் மரம் வெட்டிய பாட்டி சிரித்துவிடுவார். 1877இல் கோல கங்சாரில் ரப்பர் கன்றுகள் ஊன்றிய மாநிலத்திலிருந்து வரும் புத்தகத்துக்கு இது தேவைதானா? வாட்ஸ்அப்பில் வந்த பழைய குடும்பப் படத்தைப் பெரிதாக்கி அட்டையில் போடுவது இன்னொரு வழக்கம். அனுப்பும்போதே அந்தச் செயலி படத்தைச் சுருக்கிவிடுகிறது. அச்சில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து வருகின்றன. மூலப் படத்தை ஸ்கேன் செய்து கொடுத்திருந்தால், உதயசூரியனே இல்லாமல், அந்த ஒரு படமே அட்டைக்குப் போதும்.

எழுத்துருவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முரசு அஞ்சலை 1985இல் தொடங்கி, இன்று ஆப்பிள் கருவிகளில் உலகமே படிக்கும் தமிழ் எழுத்துருக்களை வடித்த முத்து நெடுமாறன் மலேசியர். அவர் பிறந்த நாட்டில் தலைப்பு எழுத்தை நீட்டி நசுக்கி, நிழல் கொடுத்து, மேலே தங்க நிறம் பூசும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஓவியர் ஆதிமூலம் தம் கையால் எழுதிய தலைப்புகளே தமிழ்நாட்டில் எத்தனையோ அட்டைகளைத் தாங்கி நின்றன. உள்பக்கங்களின் கதை வேறு. யூனிகோடில் தட்டச்சு செய்த பிரதியை அச்சகத்தார் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘ஸ்ரீ’ சிதறும், ‘ஔ’ பிரியும், கால் எழுத்து ‘ர’வாகிவிடும். மாற்றிய பிறகு இன்னொரு முறை மெய்ப்புப் பார்க்காவிட்டால் அத்தனையும் அச்சேறும்.

வழி இல்லாமல் இல்லை. சிலிம் ரிவரிலிருந்து அரை மணி நேரத்தில் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடலாம். அது பயிற்சிக் கல்லூரியாக இருந்த காலத்தில், 1924இல், நூல்களை மலாய்க்கு மொழிபெயர்த்துச் செப்பனிடும் அலுவலகம் அங்கே அமைந்தது. மலாய் மொழியறிஞர் ஸாபா அதில்தான் பணியாற்றினார். இன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செம்மையாக்கத்தைப் பாடமாக வைத்து, உள்ளூர்க் கையெழுத்துப் பிரதிகளையே பயிற்சிக்குக் கொடுக்கலாம். எழுத்தாளர் சங்கங்கள் வெளியீட்டுக்கு மேடை தருவதோடு, அச்சுக்கு முன் பிரதியைப் படிக்க இருவரை அமர்த்தலாம்.

எல்லாவற்றையும்விட நன்கொடையாளர்கள் கையில்தான் சாவி இருக்கிறது. அடுத்த முறை ஓர் எழுத்தாளர் வெளியீட்டு விழா அழைப்பிதழோடு வந்தால், இதைச் செம்மைப்படுத்தியது யார், அட்டை வரைந்தவர் யார் என்று அவர்கள் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால், மண்டபத்தில் நீட்டவிருக்கும் உறையில் பாதியை அச்சுக்கு முன்பே கொடுத்து, அந்த இரண்டு பேரையும் தேடச் சொல்லி அனுப்ப வேண்டும்.