புயலுக்கு முன் பறித்த பச்சைத் தக்காளி: எது பழுக்கும், எது குழம்புக்கு?

கேள்வி: “வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடத்தில், ஆவணி நடுவில் விதைத்த தக்காளி 40 செடி நிற்கிறது. செடி முழுக்கக் காய், ஒன்றுகூடப் பழுக்கவில்லை. புயல் வருகிறது என்கிறார்கள். எல்லாவற்றையும் பறித்துவிடலாமா? பறித்த காயை என்ன செய்வது? தக்காளிக் காயில் விஷம் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்று மாமியார் தடுக்கிறார். அவர் சொல்வது சரியா?”
- வாசகி ஒருவர், கேளம்பாக்கம்.

பதில்: கேளம்பாக்கம், கோவளம், திருப்போரூர் பக்கத்தில் கார்த்திகை மாதத் தக்காளிக்கு இது வழக்கமான சோதனைதான். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் மழை கொட்டியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. மூன்றுமே கார்த்திகையில் வந்தவை. ஆவணியில் விதைத்த செடி காய்த்து நிற்பதும் அதே மாதம்தான். குளிர் நாடுகளில் உறைபனி விழுவதற்கு முன் பச்சைக் காயைப் பறித்துச் சட்னி போட்டு வைப்பார்கள். அங்கே பனி செய்வதை இங்கே புயல் செய்கிறது.

எல்லாவற்றையும் பறிக்க வேண்டாம். காய்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் காப்பாற்றிவிடலாம்.

பிஞ்சா, முற்றிய காயா, செங்காயா?

அடிப்பக்கம் லேசாக மஞ்சளோ இளஞ்சிவப்போ ஓடியிருந்தால் அது செங்காய். பறித்த பிறகும் நன்றாகப் பழுக்கும். முழுப் பச்சையாக இருந்தாலும் தோல் பளபளத்து, அடிப்பக்கம் வெளிறியிருந்தால் அது முற்றிய காய். அதுவும் பழுக்கும். பி.கே.எம். 1 ரகத்தில் காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக இருப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பிஞ்சு என்று எண்ணிவிடக் கூடாது. அடிப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். விதையைச் சுற்றிக் கொழகொழப்பு திரண்டு, கத்தி படும்போது விதை வெட்டுப்படாமல் நழுவினால் அது முற்றியது. விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் பிஞ்சு. பிஞ்சைப் பறித்து வைத்தால் சுருங்குமே தவிர ருசியாகப் பழுக்காது. அதைச் செடியிலேயே விட்டு, செடிக்குக் குச்சி நட்டுக் கட்டி, தண்ணீர் வடிய வாய்க்கால் எடுத்து விடுவது நல்லது. புயலுக்குப் பின் செடி பிழைத்தால் பிஞ்சும் பிழைக்கும்.

மழை தொடங்குவதற்கு முந்தின நாள், இலை காய்ந்திருக்கும் நேரத்தில் பறிக்க வேண்டும். ஈரத்தோடு பறித்துக் குவித்தால் அழுகல் பரவும். மருந்து அடித்திருந்தால், டப்பாவில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் முடியாமல் பறித்துச் சமைக்கக் கூடாது.

பழுக்க வைக்க

காயைக் கழுவ வேண்டாம். வெடிப்பு, புள்ளி, பூச்சித் துளை உள்ளதைத் தனியே எடுத்துவிட்டு, மற்றதைச் செய்தித்தாள் விரித்த கூடையில் ஒரே அடுக்காக வைக்க வேண்டும். ஒன்றிரண்டு பழுத்த வாழைப்பழத்தை நடுவில் வைத்தால், அதிலிருந்து வரும் எத்திலீன் காயைச் சீக்கிரம் பழுக்க வைக்கும். செங்காய் சில நாளிலும், முற்றிய காய் ஒன்றிரண்டு வாரத்திலும் பழுக்கும். இதற்கு வெயில் தேவையில்லை. 20 முதல் 25 டிகிரி வெப்பம் போதும். டிசம்பரில் வீட்டுக்குள் ஏறக்குறைய அதுதான் இருக்கும். பச்சைக் காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் குளிரில் அடிபட்டு, வெளியே எடுத்த பிறகும் சரியாகப் பழுக்காது. கார்பைடு கல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதை நாட வேண்டாம். தினம் ஒரு முறை பார்த்து, அழுகத் தொடங்கியதை உடனே எடுத்துவிட வேண்டும்.

மாமியார் சொல்வது சரியா?

பாதி சரி. தக்காளிச் செடியின் இலையிலும் தண்டிலும் பிஞ்சிலும் டொமாட்டின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. காய் முற்ற முற்ற அது குறையும். பழத்தில் மிகக் குறைவு. வேக வைப்பதால் அது முழுதாகப் போய்விடாது. அதனால் இலையையும் தண்டையும் சமைக்கவே கூடாது. சின்னப் பிஞ்சையும், வாயில் வைத்தால் கசக்கும் காயையும் தள்ளிவிட வேண்டும். முற்றிய காயை வழக்கமான அளவில் கூட்டாகவோ துவையலாகவோ சாப்பிடுவதில் பயமில்லை. ஆந்திராவில் பச்சைத் தக்காளிப் பச்சடி வீட்டுக்கு வீடு செய்கிற பண்டம். குழந்தைகளுக்கு முதலில் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. வெள்ளத்தில் மூழ்கிய காயைக் கழுவியும் பயன்படுத்தக் கூடாது. தெருத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். பழுப்புத் திட்டு விழுந்த நோய்க் காயையும் வெட்டிச் சேர்க்க வேண்டாம். குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

அன்றாடச் சமையலுக்கு

கூட்டு: கால் கிலோ காயை நறுக்கி, ஒரு கைப்பிடி பாசிப்பருப்போடு வேக வைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துவிட்டுத் தாளிக்கலாம். காயிலேயே புளிப்பு இருப்பதால் புளி வேண்டாம்.

துவையல்: நறுக்கிய காயை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த எள் அல்லது வேர்க்கடலை, மிளகாய், பூண்டு, கொத்தமல்லி சேர்த்து அரைக்கலாம். இட்லி, தோசைக்கும் சோற்றுக்கும் ஏற்றது.

சேமித்து வைக்க

தொக்கு: ஒரு கிலோ காய்க்கு 250 மில்லி நல்லெண்ணெய், 50 கிராம் புளி, 75 கிராம் மிளகாய்த்தூள், 80 கிராம் உப்பு. வதக்கி, அரைத்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கிளறி, வறுத்த வெந்தயப்பொடியும் பெருங்காயமும் சேர்த்து இறக்க வேண்டும். ஆறிய பின் ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுக்க வேண்டும்.

வற்றல்: கார்த்திகையில் வற்றல் போட வெயில் கிடையாது. அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு உப்பு கைகொடுக்கும். உப்பளங்களைப் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஒரு கிலோ முற்றிய காயைக் கழுவித் துடைத்து, நான்காக வெட்டி, 150 கிராம் கல் உப்பும் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளும் கலந்து பீங்கான் ஜாடியில் போட வேண்டும். தினம் ஒரு முறை குலுக்கினால் மூன்று நாளில் தண்ணீர் விட்டிருக்கும். காய் அந்தத் தண்ணீரில் முழுதும் மூழ்கியிருக்கும்படி மேலே ஒரு சிறு தட்டை வைத்து அழுத்தி விட வேண்டும். உப்பின் அளவைக் குறைத்தால் காய் கெட்டுவிடும். மழை விட்டு வெயில் வந்ததும் பிழிந்து எடுத்து, மொறுமொறுப்பாகும்வரை காய வைக்க வேண்டும். தக்காளியில் 93 சதவீதம் தண்ணீர்தான் என்பதால் கிலோவுக்குக் கைப்பிடி வற்றல்தான் தேறும். வற்றல் குழம்பில் போடும்போது ஒரு முறை அலசிவிட்டு, குழம்புக்குத் தனி உப்பைக் குறைக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொக்கையும் வற்றலையும் அளவோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டுக்கு

இந்தக் கடற்கரையில் ஆவணி விதைப்பு புயலோடு போடும் பந்தயம். ஜூன் தொடக்கத்தில் நாற்று விட்டு 25 நாள் நாற்றை நட்டால், மழைக்கு முன்பே பெரும்பகுதி பறித்துவிடலாம். இல்லையென்றால் கார்த்திகைக் கடைசியில் கூரைக்கடியில் நாற்று விட்டு மார்கழியில் நடலாம். மாசியில் இருந்து பறிப்பு வரும். விதைக்கும் நாற்றுக்கும் திருப்போரூர் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

வாசகி முதலில் செய்ய வேண்டியது, பத்துக் காயை வெட்டிப் பார்ப்பது. அதற்கு ஐந்து நிமிடம் போதும். எதைப் பறிப்பது, எதைச் செடியில் விடுவது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.