மாத்திரை இலவசம், சோதனை எங்கே?

“குடித்துவிட்டு வந்திருக்கிறான்!”

நடை தள்ளாட, நாக்குக் குழற, கை வெடவெடக்க நிற்கும் தொழிலாளியைக் கண்டதும் மேஸ்திரி வழங்கும் தீர்ப்பு இதுதான். ஆனால் தோழர்களே, ஒரு சொட்டும் குடிக்காதவனுக்கும் இந்தக் கதி வரும். உட்கொண்ட மருந்தே நஞ்சாக மாறினால் வரும்!

லித்தியம் என்பது அந்த மருந்து. சில காலம் கட்டுக்கடங்காத வேகம், பிறகு பாயைவிட்டு எழமுடியாத சோர்வு என்று ஆளை மாறி மாறி ஆட்டும் இருமுனை மனநோய்க்குக் கண்கண்ட மருந்து. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அதன் பயனை வெளியிட்டார். ஒருவகை உப்புத்தான், பலரைத் தற்கொலையிலிருந்து காத்திருக்கிறது.

ஆயினும் அதன் வரம்பு மிகக் குறுகியது. இரத்தத்தில் ஏறக்குறைய 0.6 முதல் 1.0 வரை இருந்தால் மருந்து, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. வெயிலிலும் உலைக்களத்திலும் வேர்வை கொட்டப் பாடுபடுபவன் உடலில் நீர் வற்றும், மருந்து தேங்கும். இடுப்புவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோபினாக்கும் அதையே செய்யும். மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தத் தொல்லை குறைவு!

இன்னொன்றை எவரும் கவனிப்பதில்லை. இதே மருந்து சிலருக்குத் தைராய்டுச் சுரப்பியை மந்தமாக்கும். உடல் ஊதும், மனம் சோரும். வீட்டார் “சோம்பேறி” என்பர். வெளியே வரிசை நீண்டு நிற்க, மருத்துவரும் பழைய நோய் திரும்பியதென எண்ணி மாத்திரையைக் கூட்டிவிடக்கூடும். தேவைப்பட்டதோ ஓர் இரத்தச் சோதனை! குறை தெரிந்தால் அதற்கும் மாத்திரை உண்டு. பெரும்பாலும் லித்தியத்தை நிறுத்தவும் வேண்டியதில்லை.

2018 மே 29 முதல் நடப்பிலிருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தியாவசிய மருந்துகளை அரசாங்கச் சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரச் சொல்கிறது. வறியவர்க்குச் சிகிச்சையே இலவசம் என்கிறது. வரவேற்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: சோதனை சிகிச்சையில் சேராதா? மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, இரத்தம் பார்க்க வேற்றூருக்குப் பஸ் ஏறு என்றால், ஒருநாள் கூலியை இழந்து எவன் போவான்? மருந்து தரும் இடத்திலேயே லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் பார்க்க வழி வேண்டும். இது சங்கங்கள் எழுப்பவேண்டிய கோரிக்கை.

அதுவரை, மருந்துண்ணும் தோழர் பயந்துபோய்த் தாமாக நிறுத்திவிட வேண்டாம். நோய் பாய்ந்து திரும்பும். வாந்தியும் தள்ளாட்டமும் கண்டால், மருந்துச் சீட்டோடு உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். மேஸ்திரியின் விசாரணை பிறகு நடக்கட்டும்.