நஞ்சுக்கொடி மாதிரியும் கர்ப்பிணிகளின் காத்திருப்பும்

2018-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் வளர்த்த நஞ்சுக்கொடி ஆர்கனாய்டுகள் ஹெச்.சி.ஜி. ஹார்மோனைச் சுரந்தன, கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையும் 'கர்ப்பம்' என்றே காட்டியது. செய்தித்தாள்களுக்கு அதுவே போதுமானதாயிற்று.

அதே ஆண்டு ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகக் குழு மனித ட்ரோஃபோபிளாஸ்ட் ஸ்டெம் செல்களை நிலையாக வளர்க்கும் முறையைக் கண்டது. அதைவிடப் பெரிய திறப்பு, பன்திறன் ஸ்டெம் செல்களிலிருந்தே இவ்வகைச் செல்களைப் பெறலாம் என்று பின்னர் தெரியவந்ததுதான். ப்ரீஎக்ளாம்ப்சியா வெளிப்படுவது 20 வாரங்களுக்குப் பிறகு. அதன் வேரோ முதல் மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடி கருப்பையில் ஊன்றும் விதத்தில் இருப்பதாகக் கருதப்படுகிறது. பிரசவத்தில் கிடைக்கும் நஞ்சுக்கொடியில் விளைவைப் பார்க்கலாம், தொடக்கத்தைப் பார்க்க இயலாது. சுண்டெலியின் நஞ்சுக்கொடிச் செல்களோ மனிதரில் போல ஆழமாக ஊடுருவுவதில்லை. இப்போது, நோயுற்ற கர்ப்பத்தில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடிச் செல்களை மறுநிரலாக்கம் செய்து, முடிந்துபோன அந்தக் கர்ப்பத்தின் தொடக்கத்தைத் தட்டிலே ஓரளவு மீட்டுப் பார்க்கலாம்.

ஓரளவுதான். தாயின் இரத்த ஓட்டம் அங்கில்லை. நோயெதிர்ப்புச் செல்களும் இல்லை. போதாததற்கு, ஜெல்லில் வளரும் ஆர்கனாய்டு சட்டையைப் புரட்டிப் போட்டதுபோல் இருக்கிறது: தாயின் இரத்தத்தைத் தொடவேண்டிய வெளியடுக்கு உள்ளே போய்விடுகிறது. ஒரு மருந்தை ஊற்றினால் அது முதலில் சந்திப்பது தவறான அடுக்கை. மிதவை வளர்ப்பில் இதைச் சரிசெய்யலாம் என்று டியூக் பல்கலைக்கழகக் குழு காட்டியுள்ளது. ஆயினும் எந்த முறையில் வளர்த்தார்கள் என்று பாராமலே மருந்துப் பாதுகாப்பு முடிவுகளை மேற்கோள் காட்டுவோர் உண்டு.

என் கவலை அதற்கும் அப்பாற்பட்டது. இந்தியாவில் கோவிட் தடுப்பூசி இயக்கம் 2021 ஜனவரி 16-இல் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி ஜூலையில்தான் வந்தது. அதற்குள் இரண்டாம் அலை உச்சத்தைக் கடந்துவிட்டது. போதிய தரவு இல்லை என்றார்கள். சோதனைகளில் அவர்களைச் சேர்க்காதபோது தரவு எங்கிருந்து வரும்? நாளை ஆர்கனாய்டைக் காட்டி, 'முதலில் இதில் பார்ப்போம்' என்று இன்னும் பத்தாண்டுகள் தள்ளிப்போட முடியும். எந்த முடிவு கிடைத்தால் கர்ப்பிணிகளைச் சோதனையில் சேர்ப்பீர்கள், எப்போது சேர்ப்பீர்கள் என்பதை ஆய்வு முன்மொழிவிலேயே எழுதும்படி நெறிமுறைக் குழுக்கள் கேட்க வேண்டும்.