ஒட்டாமல் வர வேண்டுமா? ஊற்றுவதற்கு முன் யோசி!



நம் பள்ளியில் தூண்டில் பிரியர்கள் நிறையப் பேர். கடையில் விற்கும் பொய் மீன் விலை அதிகம் என்று சிலர் வீட்டிலேயே அச்சு செய்து ரெசின் ஊற்றுகிறார்கள். நல்ல முயற்சி! ஆனால் பல பேருக்கு மீன் அச்சோடு ஒட்டிக்குது. ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்பினா வாலும் போச்சு, அச்சும் போச்சு. உடனே "மட்டமான ரெசின்டா" என்று கடைக்காரருக்குத் திட்டு. குறை ரெசினில் இல்லை, ஊற்றுவதற்கு முந்தைய வேலையில்தான் என்பது என் கருத்து.

இட்லித் தட்டில் எண்ணெய் தடவாமலோ, ஈரத்துணி போடாமலோ அம்மா மாவு ஊற்றுவாங்களா? ரெசினுக்கும் அதே நியாயம்தான். நடுவில் ஒரு மெல்லிய திரை வேண்டும்.

நீலாங்கரைக் கடற்கரையில் ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் இவை பெருகின. இவையும் அச்சில் உருவானவைதான். முதலில் அச்சில் மெழுகு பாலிஷ் பூசி, காயவிட்டு, துணியால் பளபளவென்று தேய்ப்பார்கள். புது அச்சுக்கு இதையே பல தடவை செய்யணும். அதன்மேல் பி.வி.ஏ. என்ற திரவத்தைப் பூசினால் காய்ந்து மெல்லிய தாள் போல ஆகிவிடும். பிறகு தண்ணீரில் கழுவினால் போய்விடும். அவ்வளவு பெரிய படகே கழன்று வரும்போது விரல் நீள மீன் வராதா?

"சமையல் எண்ணெயே போதும்" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய் திட்டுத் திட்டாக நிற்கும். மீன் மேல் குழி விழும், பெயிண்டும் பிடிக்காது. (மெழுகு பூசினாலும் பெயிண்டுக்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவணும்.)

பிளாஸ்டர் அச்சு ரெசினை உறிஞ்சும். அதை நன்றாகக் காயவைத்து, வார்னிஷ் அடித்து, பிறகு மெழுகு பூசுங்கள். சிலிகான் அச்சில் ரெசின் ஒட்டாது. ஆனால் சிலிகானோடு சிலிகான் ஒட்டும். இரண்டாம் பாதி ஊற்றும் முன் முதல் பாதியில் வாசலின் தடவுங்கள். செதில், துடுப்பு உட்பக்கம் வளைந்து கொக்கி போல் இருந்தால் எந்தப் பூச்சும் உதவாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? இறுகிய ரெசினை மெழுகு போல உருக்கி மறுபடி ஊற்ற முடியாது. கெட்டுப்போன ஒவ்வொரு மீனும் குப்பைதான். பல ஆண்டுகள் நகரத்துக் குப்பையைச் சுமந்த ஊர் நம் பெருங்குடி. பக்கத்துப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் உலக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பெருமை நமக்கு, குப்பை மட்டும் பறவைகளுக்கா?

உயிருக்கும் ஆபத்து உண்டு. பாலியஸ்டர் ரெசினில் கோபால்ட்டை முதலில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் சேர்க்கணும். இரண்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும்! கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம், கூடவே ஒரு பெரியவர் இல்லாமல் தொடவே கூடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கைத்தொழில் வகுப்பில் முதலில் மெழுகு வார்க்கக் கற்றுத் தாருங்கள். பிளாஸ்டர் அச்சை நீரில் ஊறவைத்து ஊற்றினால் மெழுகு ஒட்டாது, கெட்டுப்போனாலும் உருக்கிக்கலாம். கை பழகியவர்கள் பிறகு ரெசினுக்குப் போகட்டும்.

பூச்சுக்கு அரை மணி நேரம் செலவழிப்போம். அச்சையும் காப்போம், சதுப்பு நிலத்தையும் காப்போம்!